கதவு வெளியே போயிருக்கிறது

இல்லை, விற்கவில்லை. என் மருமகள் வீட்டுக் கதவை விற்றுத் தின்றுவிட்டு ஓடிப்போனாள் என்று எந்த வாய் சொன்னதோ, அந்த வாய் முதலில் என் முன்னால் வந்து நிற்கட்டும். எதிர்வீட்டுக்காரி குழாயடியில் சொன்னாளாம். இஸ்திரிக் கடைக்காரர் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாராம். வாசலில் கதவு இருந்த இடத்தில் படுக்கை விரிப்பு தொங்கியதைப் பார்த்தார்கள். அந்த விரிப்புக்குப் பின்னால் என்ன நடந்தது என்று என்னை ஒருத்தராவது கேட்டார்களா? அத்தனை நாளும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள் நான். கதவு இல்லாத வீட்டுக்கு நானே கதவாக இருந்தேன்.

கொக்கு என்று தெருவில் அவளுக்குப் பட்டப்பேர். கால் அவ்வளவு நீளம். வேலை படகுப் பட்டறையில். உடைந்து வரும் ஃபைபர் படகை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாள், ஓட்டையில் துணி வைத்துப் பிசின் பூசுவாள். அந்தத் தூசி பொல்லாதது. சாயங்காலமானால் கழுத்தும் கையும் அரித்துத் தள்ளும். அதைக் கழுவத்தான் கடலுக்குப் போக ஆரம்பித்தாள், எவனையும் பார்க்க இல்லை.

என் மகனுக்கு வேலையே கடலில்தான். தெருக்கோடியில் இருக்கிற அலைப்பலகைப் பள்ளியில் பையன்களுக்கு அலைமேல் நிற்கக் கற்றுக்கொடுப்பான். எல்லாரும் அவனை மாஸ்டர் என்பார்கள். பள்ளியில் கழித்துப் போட்ட ஒரு பழைய பலகையை அவனே கொண்டுவந்து அவளுக்குக் கொடுத்தான். ஆசையாகத்தான் கொடுத்தான், பொய் சொல்ல மாட்டேன். விழுவாள், எழுவாள், பார்த்துச் சிரிக்கலாம் என்கிற ஆசை.

அவள் விழவில்லை. கொஞ்ச நாளில் அவனைவிட நன்றாக நின்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய அலை ஒன்று வந்தது. இரண்டு பேரும் ஏறினார்கள். அவன் தலைகுப்புறப் போனான். இவள் கரைவரைக்கும் நின்றுகொண்டே வந்தாள். கரையில் அவனுடைய பையன்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். அதில் ஒரு துடுக்கு கத்தியது:

"மாஸ்டர், ஃபீஸ அக்காகிட்டயே கட்டிடட்டுமா?"

அவ்வளவுதான். மற்றவை சிரித்தன. என் மகன் முகத்தில் ஈயாடவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ரம்பத்தை எடுத்து அவள் பலகையை இரண்டாக அறுத்தான். என் கண்ணெதிரே அறுத்தான். நான் பிடித்த கையை உதறிவிட்டு அறுத்தான். பிறகு வாசல் கதவைப் படாரென்று தட்டிச் சொன்னான்:

"நல்லாக் கேட்டுக்கோ. இந்தக் கதவத் தெறந்துக்கிட்டு இனி கடலுக்குப் போனே, அப்படியே போயிட வேண்டியதுதான்."

அந்த வாய் அவன் அப்பாவின் வாய். எனக்கு அதைக் கேட்டுப் பழக்கம். அவளுக்குப் பழக்கமில்லை. அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. அறுபட்ட தூளைக் கூட்டிவிட்டு அடுக்களைக்கு வந்தாள்.

"அத்தை, அதே அலை வேணும். அதே பசங்க நிக்கணும். என் கையால செஞ்ச பலகை மேல நான் வரணும். அத அவரு பாக்கணும். அதுக்கப்புறம் இந்த வீட்ல எனக்கு வேலையில்ல."

அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பி, "சரி, என்ன வேணும் சொல்லு" என்றேன்.

முதலில் டிவி கடைக்குப் பின்னால் குப்பையில் கிடந்த வெள்ளைத் தெர்மாகோலைப் பொறுக்கி வந்தாள். லேசாக இருக்கிறது, மிதக்கும் என்று இரண்டு பேருக்கும் கால் தரையில் பாவவில்லை. ஒட்டிச் செதுக்கி, பட்டறையில் டின் அடியில் மீந்த பிசினைக் கொண்டுவந்து பூசினாள். பூசப்பூச அது புஸ்ஸென்று உருகியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலகை, தட்டாகி, அப்புறம் ஒரு கொழகொழப்பாகிவிட்டது. படகுக்குள் தெர்மாகோல் கிடையாதே, அவளுக்கு எப்படித் தெரியும்? மறுநாள் பட்டறை மேஸ்திரி கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். சிரித்து முடித்துவிட்டு, "அந்தப் பிசினுக்கு அது ஆகாதும்மா. பழைய ஃப்ரிட்ஜுக்குள்ள மஞ்சப் பஞ்சு இருக்கும் பாரு, அத எடு" என்றார்.

பழைய இரும்புக் கடைக்காரருக்குத் தகரம்தான் வேண்டும். மஞ்சள் பஞ்சு அவருக்குத் தொல்லை. "அள்ளிக்கிட்டுப் போ தாயே, இடம் மிச்சம்" என்றார். கொண்டுவந்து துண்டு துண்டாக ஒட்டினாள். கூடத்தில் கட்டிலுக்கு அடியில் ஒளித்தோம். என் மகன் குனிந்து ஒரு பொருளை எடுக்கிற ஆள் இல்லை, அதனால் பயமில்லை.

பிறகு வேலை நின்றுபோனது. நடுவில் முதுகெலும்பு மாதிரி நீளமாக, நேராக ஒரு கட்டை வேண்டுமாம். இல்லாவிட்டால் ஒரே அலையில் முறிந்துவிடுமாம். கட்டில் சட்டம் குட்டை. ஏணிக்கால் கோணல். வீடு முழுக்கத் துழாவிவிட்டு வாசலுக்கு நேரே உட்கார்ந்தோம். என் கண்ணும் அவள் கண்ணும் ஒரே இடத்தில் போய் நின்றன.

அந்தக் கதவு அவன் வாங்கி மாட்டியது. மலிவு என்று வாங்கினான். இரண்டு பக்கமும் மெல்லிய பிளைவுட், ஓரத்தில் சட்டம், உள்ளே வெறும் காற்று. பச்சை பெயின்ட்.

"அத்தை, இதத் தெறந்துக்கிட்டுப் போகக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"தெறந்துக்கிட்டுத்தான போகக்கூடாது? கழட்டிக்கிட்டுப் போகக்கூடாதுன்னு சொல்லலையே."

சொன்னவள் நான்தான். பெற்ற பிள்ளைக்கு எதிராகப் பேசினாள் என்று எதிர்வீட்டுக்காரி வேண்டுமானால் இதையும் குழாயடியில் சொல்லட்டும்.

அவன் பையன்களைக் கூட்டிக்கொண்டு வேறு கடற்கரைக்குப் பயிற்சி முகாம் போனான். வேன் தெருவைத் தாண்டியதும் இவள் திருப்புளியை எடுத்தாள். கீல் துருப்பிடித்துப் போய் வரமாட்டேன் என்றது. எண்ணெய் விட்டேன். வந்தது. படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு நான் நாற்காலியைப் போட்டேன்.

எதிர்வீட்டுக்காரிக்குப் பொறுக்குமா? "என்ன பெரியம்மா, கதவு எங்க?" என்று கழுத்தை நீட்டினாள்.

"வெளிய போயிருக்கு. வந்ததும் சொல்றேன்" என்றேன்.

உள்ளே அவள் சட்டத்தைப் பிரித்து முதுகெலும்பு வைத்தாள். பிளைவுட்டை மேல்தோலாக ஒட்டினாள். அதன்மேல் ஃபைபர் துணி, அதன்மேல் பிசின். நாற்றத்தில் எனக்குத் தலை சுற்றியது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. பூட்டு இருந்த ஓட்டையை மட்டும் மரத்தால் அடைக்காமல் பிசினை ஊற்றி நிரப்பினாள். தேன் நிறத்தில் ஒரு கண் மாதிரி நின்றது. எதற்கடி என்றேன். "அவருக்கு அடையாளம் தெரியணும்ல" என்றாள்.

கடைசியாக, பலகைக்கு அடியில் மீனுக்கு இருப்பது போல ஒரு துடுப்பு வேண்டும் என்றாள். நானே எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த அவன் கேடயத்தைக் கழற்றிக் கொடுத்தேன். கெட்டிக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். அவன் எப்போதோ ஜெயித்தது.

"இதுல எது அவன் பேரு? எனக்குத்தான் படிக்கத் தெரியாதே."

அவள் தொட்டுக் காட்டினாள்.

"அது நுனியில வர்ற மாதிரி வெட்டு. எப்பவும் தண்ணிக்கு அடியில கெடக்கட்டும்."

அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பில் இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

முகாம் முடிந்து வேன் வந்தது. பையன்களோடு தெருவில் இறங்கி நடந்து வந்தவன் விரிப்பைப் பார்த்தான்.

"அம்மா, கதவு எங்கம்மா?"

நான் நாற்காலியை நகர்த்தினேன். விரிப்பை விலக்கிக்கொண்டு அவள் வந்தாள். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கக்கத்தில் பலகை. பச்சை, பளபளவென்று.

"எங்க கெளம்பிட்டே? நான் என்ன சொல்லிட்டுப் போனேன்? கதவத் தெறந்து..."

"தெறக்கலங்க" என்று பலகையைத் திருப்பிப் பூட்டு ஓட்டையைக் காட்டினாள். "பூட்டுனபடியே எடுத்துக்கிட்டேன்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பையன்களுக்கு உடனே புரிந்துவிட்டது. அந்தத் துடுக்குதான் முதலில் விசிலடித்தது. அவள் என் தோளைத் தொட்டாள். "வர்றேன் அத்தை" என்றாள். போகிறேன் என்று சொல்லவில்லை. பிறகு தெருவில் இறங்கி நடந்தாள். ஓடிப்போனாள் என்கிறார்களே, அவ்வளவு நீளப் பலகையை வைத்துக்கொண்டு எவளால் ஓட முடியும்? நடந்துதான் போனாள். எதிர்வீட்டுக்காரி வாயைத் திறந்தபடி நின்ற வாசலுக்கு முன்னாலேயே நடந்தாள். பையன்கள் மாஸ்டரை விட்டுவிட்டு அவள் பின்னால் போனார்கள்.

நான் விரிப்பைப் பிய்த்து எறிந்தேன். கதவு இல்லாததால் என் நாற்காலியில் இருந்தே தெருக்கோடியும் அதற்கு அப்பால் தண்ணீரும் தெரியும். முதல் அலையில் ஏறினாள், பலகை கனம், விழுந்தாள். என் மகன் மூக்கால் சிரித்தான். அடுத்ததிலும் விழுந்தாள். மூன்றாவது பெரியது. அதன் மேல் ஒரு பச்சைக் கோடு எழுந்தது, கோட்டின் மேல் கொக்கு நின்றது. கரைவரைக்கும் நின்றுகொண்டே வந்தது. பையன்களின் கூச்சல் எங்கள் வாசல்வரை கேட்டது.

அவன் வீட்டுக்குள் திரும்பிப் போய், கைப்பழக்கத்தில் பின்னால் எதையோ இழுத்துச் சாத்தப் பார்த்தான். கையில் காற்றுதான் வந்தது.

"வேற கதவு வாங்கணும்மா" என்றான்.

"மெதுவா வாங்குடா. அதுவரைக்கும் இங்க உக்காந்து பாரு" என்று சொல்லி நாற்காலியை விட்டு எழுந்தேன்.