ஏ-ஜீரோவில் சொருகிய கம்பி

எலக்ட்ரானிக் பலகையில் கம்பி சொருகுகிற ஒரு காலுக்கு எதற்காக இரண்டு பெயர் வைத்தார்கள் என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. பலகையின் மேல் டி1 என்று அச்சடித்திருக்கும். புரோகிராமில் அதை 5 என்று எழுத வேண்டும். டி2 என்பது 4. டி3 என்பது 0. டி5 என்றால் 14. வரிசையாவது இருக்கிறதா என்றால் அதுவும் கிடையாது. உள்ளே இருக்கிற எண்ணையே வெளியேயும் அச்சடித்துத் தொலைத்திருந்தால் எங்கள் வீட்டில் பாதிச் சண்டை வந்திருக்காது. நான் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள். வாய்ப்பாடுகூட மறந்துவிட்டது. அந்தக் கால்களின் எண்களை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. திருவொற்றியூரில், கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே எங்கள் வீடு. தம்பிக்கு நான்கு வயது, மூச்சிரைப்பு. அம்மா அவனைத் திருப்பி உட்காரவைத்து முதுகில் காதை வைத்துக் கேட்பாள். உள்ளே விசில் சத்தம் கேட்டால் வாயில் வைத்து அடிக்கிற பம்ப்பு மருந்து இரண்டு தடவை. அடங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரி. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடித்து அதை விலக்குங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவரே கண்டுபிடித்துச் சொல்லியிருக்கலாம்.

இந்த இடத்தில்தான் சித்தப்பா நுழைந்தார். அப்பாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். கண்டெய்னர் யார்டில் குளிர்பெட்டிகளுக்குக் கரண்ட் சொருகி, ஒவ்வொரு பெட்டியின் டிஸ்ப்ளேயிலும் என்ன டிகிரி என்று பார்த்து எழுதுவது அவர் வேலை. பெட்டியைத் தொட்டுப் பார்த்து ஜில்லென்று இருக்கிறது என்று சொன்னால் அங்கே யாரும் மதிக்க மாட்டார்கள். டிஸ்ப்ளே என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. அதனாலேயே வீட்டிலும் அவருக்கு ஒரு பாட்டு உண்டு. "டிஸ்பிளேவ பாத்து பேசு, மூஞ்சிய பாத்து பேசாத." ரேஷன் கடைத் தராசு முதல் அப்பாவின் காய்ச்சல் வரைக்கும் இதையே சொல்வார்.

ஒருநாள் ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடையிலிருந்து ஒரு பொட்டலத்தோடு வந்தார். விரல் நீளத்துக்கு ஒரு பலகை, இரண்டு பக்கமும் பதினைந்து பதினைந்து கால்கள். காற்றை மோந்து பார்க்கிற சென்சர் ஒன்று, தபால்தலை அளவில் ஒரு திரை, கத்துவதற்கு ஒரு பஸ்ஸர், எல்லாவற்றையும் வைக்க மூடியில்லாத ஒரு சின்னப் பெட்டி. காற்றில் கெட்டது ஏறினால் திரையில் எண் ஏறும், பஸ்ஸர் கத்தும், உடனே தம்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடலாம். இதுதான் திட்டம்.

"இன்னா இன்ஜினியரு, இத்தினியூண்டு வில்லையா எம்புள்ளைய காப்பாத்தப் போவுது?" என்று அம்மா கேட்டாள்.

"கம்முனு பாரு அண்ணி. பம்ப்பு எப்போ குடுக்கணும்னு இதுவே சொல்லும்."

பஸ்ஸரை அவர் முதலில் டி4-ல் மாட்டினார். அந்தக் காலுக்குப் பலகையிலேயே ஒரு நீல விளக்கும் பங்காளி. அந்த விளக்கு வேறு, அணை என்று எழுதினால் எரியும், எரி என்று எழுதினால் அணையும். அதுகூடப் போகட்டும். கரண்ட் வரும்போதெல்லாம் அந்தக் கால் தானாக ஒரு துள்ளு துள்ளும்; பஸ்ஸர் வீல் என்று கத்தும். எங்கள் தெருவில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கரண்ட் போய் வரும் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் தம்பி அலறி அழுவான், அழுதால் இருமுவான். எதற்காக வாங்கினோமோ அதையே அந்தப் பெட்டி வரவழைத்தது.

பிறகு டி5-க்கு மாற்றினார். புரோகிராமில் என்ன எழுத வேண்டும்? 14. அவர் 5 என்று எழுதினார். 5 என்பது டி1, திரை மாட்டியிருந்த கால். திரை செத்துப்போனது. செத்தது திரை என்று நினைத்து இன்னொரு திரை வாங்கிவந்தார், அதுவும் செத்தது. மூன்றாம் நாள்தான் விஷயம் விளங்கியது. காலண்டர் தாளின் பின்பக்கம் என்னை எல்லா எண்களையும் எழுதச் சொல்லி, பெட்டிக்கு மேலே சுவரில் ஒட்டினார்.

சென்சருக்கு மட்டும் இந்தக் குழப்பம் இல்லை. ஏற்ற இறக்கத்தை அளக்கிற கால் அந்தப் பலகையில் ஒன்றே ஒன்றுதான், ஏ-ஜீரோ. மற்ற கால்களுக்கு உண்டு, இல்லை என்ற இரண்டுதான் தெரியும். எவ்வளவு என்று தெரிந்தது அதற்கு மட்டும்தான். முப்பது கால் வைத்தவர்கள் இதில் இன்னொன்று வைத்தால் என்ன குறைந்துபோகும்? அந்த ஒற்றைக் கம்பி கழன்றுவிட்டால் தம்பி கதி என்ன என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. பயம் எனக்குக் கூடப் பிறந்தது. சிலிண்டர் திருகை மூன்று தடவை, தாழ்ப்பாளை மூன்று தடவை தொட்டுப் பார்க்கிற பிள்ளை நான். அதோடு ஏ-ஜீரோ கம்பியும் சேர்ந்துகொண்டது. காலையில் பல் தேய்த்ததும் முதல் வேலை அதை அழுத்திப் பார்ப்பதுதான்.

திரையில் நானூற்றுச் சொச்சம் என்று எண் வந்தது. நானூறு நல்லதா கெட்டதா? யாருக்கும் தெரியவில்லை. ஆனால் வீட்டில் குற்றவாளியைத் தேட ஆரம்பித்தார்கள். அப்பா லாரி ஓட்டிவிட்டு வந்தால் பீடியோடு தெருமுனைக்குத் துரத்தினார்கள். கொசுவத்தி போயிற்று, ஊதுபத்தி போயிற்று. மீன் வறுவல் நின்றது. பிறகு குழம்புத் தாளிப்பும் நின்றது. என் முகப்பவுடரைக்கூடச் சித்தப்பா பிடுங்கிப் பரண்மேல் போட்டார். ஒரு வாரம் தாளிக்காத குழம்பைச் சாப்பிட்டோம். எண் அசையவில்லை.

போனில் வீடியோ பார்த்து அடுத்த சங்கதியைச் சித்தப்பா கண்டுபிடித்தார். சென்சரைச் சுத்தமான காற்றில் கொஞ்சநேரம் வைக்க வேண்டும். அங்கே வருகிற எண்ணைத்தான் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குமேல் ஏறினால்தான் கெட்டது. இவ்வளவுதானா என்று ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்தார். ஓட்டை போட்ட டிபன் பாக்ஸுக்குள் பெட்டியை வைத்து, பவர் பேங்க்கை மாட்டினார்; பின்னால் உட்கார்ந்து நான் அதை மடியில் பிடித்துக்கொண்டேன்.

முதலில் எர்ணாவூர்க் கடற்கரை. கடல் காற்றைவிடச் சுத்தமானது எது? வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார், "இன்னா நைனா, டிபன் பாக்ஸ தொறந்து வச்சிகினு துன்னாம குந்திகினு கீறீங்க?"

"காத்து அளக்கறோம் மாமு."

"அளந்து? வாங்கப் போறியா, விக்கப் போறியா?"

எண் நானூற்றுச் சொச்சம்தான். சித்தப்பா கம்பியைப் பிடுங்கி மறுபடி சொருகினார். "ஏ-ஜீரோவுலதான் இன்னாவோ கோளாறு கீது" என்றார். அங்கிருந்து மணலி புதுநகர். அங்கே கொஞ்சம் ஏறியது. மறுபடி பிடுங்கிச் சொருகல். அங்கிருந்து மாத்தூரில் அவருடைய தோஸ்து வீட்டு மொட்டைமாடி. துளி இறங்கியது, அவ்வளவுதான். அந்த தோஸ்து வேறு, கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் பக்கம் போய்ப் பாரேன் என்று சிரித்தார். சித்தப்பா ஸ்கூட்டரை உதைத்தார். வெயிலில் எனக்குத் தலைவலி. எங்கே போனாலும் அதே காற்று, அதே எண், அதே கம்பி.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ஊர சுத்தி காத்து தேடுனது போதும். வூட்டுல இன்னா நெம்பர் கீதோ அத்தையே ஜீரோன்னு வெய்யி. இத்தினி வருசமா இந்தக் காத்துலதான பொழச்சிகினு கீறோம்? நான் கொயம்பு தாளிக்கணும், ஆமா."

சித்தப்பா புரோகிராமைத் திறந்து, வருகிற எண்ணிலிருந்து அந்த நானூற்றுச் சொச்சத்தைக் கழித்துவிட்டார். திரையில் பூஜ்யம் வந்தது. எனக்குக் கைதட்டத் தோன்றியது. நகரத்திலேயே எங்கள் வீட்டில்தான் காற்று பூஜ்யம்! அன்றைக்கே அம்மா நெத்திலி வறுத்தாள். பஸ்ஸர் ஒரு கத்துக் கத்திவிட்டு ஜன்னலைத் திறந்ததும் அடங்கியது. ஆக, பெட்டி வேலை செய்கிறது.

மறுநாள் காலை நான் அழுத்திய அழுத்தில் கம்பி கையோடு வந்துவிட்டது. திரையில் மைனஸ் போட்டு நானூற்றுச் சொச்சம். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். சித்தப்பா வந்து சொருகினார். "ஏன் பாப்பா பேஜாரு பண்ற? கம்பி கழண்டா மைனஸ் காட்டும். ஜீரோ காட்டுனா கம்பி ஒயுங்கா கீதுன்னு அர்த்தம். தம்பியும் ஒயுங்கா கீறான்னு அர்த்தம்."

இதை நான் சட்டமாகவே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அம்மா ரேஷன் கடைக்குக் கிளம்பினாள். முன்பெல்லாம் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டேதான் வரிசையில் நிற்பாள். இப்போது பெட்டி இருக்கிறதே. "பொட்டி கத்துனா பம்ப்பு குடு, ஓடியாந்து என்ன கூப்புடு. கத்தலன்னா வெளாடிகினு இருங்க. அவன இட்லி துன்ன வெய்யி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இட்லி என்றால் தம்பிக்குப் பிடிக்காது. இருமினால் இட்லி தட்டிலிருந்து தப்பிக்கலாம் என்பதை நாலு வயதிலேயே கண்டுபிடித்து வைத்திருந்தான். அன்றைக்கும் இரண்டு வாய் வாங்கியவன் இருமினான். நான் திரையைப் பார்த்தேன். பூஜ்யம்.

"அக்கா, இங்க புடிக்குது" என்று நெஞ்சைக் காட்டினான்.

"நடிக்காதடா. துன்னு."

திரையில் மூன்று வந்தது, மறுபடி பூஜ்யம் வந்தது. கம்பியை அழுத்திப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. மைனஸ் இல்லை. அவன் தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. அழக்கூட இல்லை, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறாள் என்று எல்லாரும் என்னைப் பார்த்துத்தானே சிரிப்பார்கள். இன்றைக்கு வீணாகப் பயப்படக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்தேன். பம்ப்பு அலமாரியில், கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. "பாரு, ஜீரோதான் காட்டுது. உனக்கு ஒண்ணியும் இல்ல" என்று அவன் மோவாயைப் பிடித்துத் திரைப் பக்கம் திருப்பினேன்.

அம்மாவுக்கு வாசலிலேயே சத்தம் கேட்டிருக்கிறது. எண்ணெய்ப் பாக்கெட்டும் சர்க்கரையும் தரையில் விழ, பம்ப்பை எடுத்து அவன் வாயில் வைத்தாள். இரண்டு தடவை, நாலு தடவை. உதட்டில் நிறம் திரும்பவில்லை. தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினாள். நான் செருப்பில்லாமல் பின்னால் ஓடினேன். ஒரு ஷேர் ஆட்டோக்காரர் ஏற்றியிருந்தவர்களை இறக்கிவிட்டு எங்களை ஏற்றினார். லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன; ஆட்டோக்காரர் ஒவ்வொரு லாரியையும் அதன் பரம்பரையோடு திட்டிக்கொண்டே சந்தில் நுழைத்தார். ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க்கை மாட்டி மருந்துப் புகையை ஏற்றினார்கள். மூன்றாவது புகைக்குப் பிறகுதான் அவன் அழுதான். அழுகிறானே என்று அம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

"புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்குறானே, உனக்கு கண்ணு இல்லியாடி?"

"பொட்டி கத்தலியேம்மா."

சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தோம். தம்பி பாயில் ஒருக்களித்துத் தூங்கினான். விஷயம் கேள்விப்பட்டு யார்டிலிருந்து ஓடிவந்த சித்தப்பா, யூனிபாரத்தோடு பெட்டி முன்னால் நின்றார். திரையில் அப்போதும் பூஜ்யம்தான். ஜன்னல் திறந்திருந்தது, வெளியே வழக்கம்போல லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன.

"சித்தப்பா, ஏ-ஜீரோ கம்பி கழண்டுபோச்சா?" என்று கேட்டேன்.

அவர் என் கன்னத்தைப் பார்த்தார். அடியின் தடம் இருந்திருக்கும். "ஆமா பாப்பா" என்றார். "கழண்டுதான் கீது. உம்மேல தப்பு இல்ல."

எனக்குப் போன உயிர் வந்தது. கழன்றிருந்தால் மைனஸ் காட்டியிருக்க வேண்டும் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. காலையில் நானே அழுத்திப் பார்த்ததுகூட வரவில்லை. பாழாய்ப்போன கம்பி என்று அதை வாயார வைதேன். அதற்குப்பிறகும் பல வருடம் வைதுகொண்டிருந்தேன்.

சித்தப்பா பவர் பிளக்கைப் பிடுங்கினார். சுவரிலிருந்த காலண்டர் தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கைகால்கூடக் கழுவாமல் தம்பி பக்கத்தில் போய் மண்டியிட்டு, குனிந்து, அவன் முதுகில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை.

பாவம், இரண்டு ஷிஃப்ட் சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டு வந்திருக்கிறார், இருந்த இடத்திலேயே கண்ணசந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளேயிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். நான் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன்.

"கத்தாதம்மா, சித்தப்பா தூங்கிட்டாரு."