மலை வளைவில் விரித்து வைத்த குடைகள்

இரண்டு வருஷத்துக்கு முந்தின ஒரு தை மாதம். ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறுகிற மலைப்பாதையில் நடந்தது இது.

அப்போது நான் படிப்பை முடித்துவிட்டு, மாத்தளை டவுனில் மாமா நடத்துகிற கார் வாடகைக் கடையில் நின்றேன். வெளிநாட்டுக்காரர்கள் கார் எடுக்க வந்தால் நம் ரோட்டு விதிகளைச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. யாரும் தந்த வேலை இல்லை, நானாகப் பிடித்துக்கொண்டது. இடது பக்கம் ஓட்டணும், உங்கள் நாட்டு லைசன்ஸ் மட்டும் போதாது, இங்கேயும் ஒரு அனுமதி எடுக்கணும், மஞ்சள் கோட்டில் ஆள் கால் வைத்தால் நிறுத்தணும், ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் மட்டும்தான் ஓட்டணும், வேறு யாராவது ஓட்டி ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் வராது. எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்வேன். இதில் வேடிக்கை, என்னிடம் லைசன்ஸே இல்லை. எழுத்துப் பரீட்சை பாஸ், ஓட்டிக் காட்டுகிற ட்ரையலில்தான் பெயில். "விதியெல்லாம் ஒன் வாயில இருக்கு, வண்டிதான் கையில நிக்க மாட்டேங்குது" என்பார் மாமா.

அன்றைக்கு வந்தவர் நெதர்லாந்துக்கார அம்மா ஒருவர், ஐம்பது வயது இருக்கும். அவருடைய நாட்டில் மலையே கிடையாது, வண்டியெல்லாம் வலது பக்கம் ஓடும். மறுநாள் பலாபத்வல, நாலந்தா வழியாக யாழ்ப்பாணம் வரைக்கும் தனியாக ஓட்டிப் போகத் திட்டம். ஆராய்ச்சிக்கு வந்திருந்த மகள் அங்கே இருந்தாள். டிரைவரோடு வா, உன்னால் முடியாது என்று தினமும் மெசேஜ் அனுப்புகிறாளாம். "நானே ஓட்டிப் போய் அவள் வாசலில் இறங்கணும், அதற்குத்தான் இந்தக் கார்" என்று சிரித்தார். ரிவர்ஸ்டன் போய் வந்தால் எந்த ரோடும் பயமில்லை என்று ஆசை காட்டியது நான்தான். கூடவே பக்கத்து சீட்டிலும் ஏறிக்கொண்டேன்.

ஏறும்போது நன்றாகத்தான் ஓட்டினார். இறங்கும்போது தூறல் பிடித்தது, பின்னாலேயே பனிமூட்டம். ஒரு வளைவு திரும்பினால் முன்னால் மாத்தளையிலிருந்து ஏறி வரும் பஸ். அந்த இடத்தில் இரண்டு வண்டி ஒன்றையொன்று கடக்க வழியில்லை. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி இடம் விடணும். அதாவது நாங்கள்தான் பின்னால் போகணும், அதுவும் மேட்டில், வளைவைத் தாண்டி ரோடு அகலமாகிற இடம் வரைக்கும்.

பின்பக்கக் கமெரா திரையில் வெறும் வெள்ளை. பக்கக் கண்ணாடி முழுக்க மழைத்துளி. ஒரு பக்கம் மழைத்தண்ணீர் ஓடுகிற காண், மறுபக்கம் பள்ளம். பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் கொஞ்சம் பின்னால் எடுத்தார், பள்ளத்துப் பக்கச் சக்கரம் ஓரப் புல்லில் ஏறியது. சட்டென்று பிரேக். பிறகு கைபிரேக்கை இழுத்து, எஞ்சினை நிறுத்தி, சாவியை என்னிடம் நீட்டினார்.

"பஸ் டிரைவரிடம் கொடு, அவர் எடுத்துத் தரட்டும். மகள் சொன்னது சரி. நாளைக்கு நான் பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன்."

சாவியோடு இறங்கினேன். அதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் இறங்கி வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். தேயிலைத் தோட்டத்து அக்கா ஒருத்தர் நிலைமையைப் பார்த்ததுமே, "ஏன் பாப்பா யோசிக்கிற? சாவிய டிரைவர் அண்ணாகிட்ட குடு, ஒரு நிமிஷத்துல ஏத்திருவாரு" என்றார்.

"முடியாதுக்கா. ஒப்பந்தத்துல அவங்க பேரு மட்டுந்தான் இருக்கு. வேற ஆள் ஓட்டினா இன்சூரன்ஸ் கெடையாது."

"அது சரி, கார் உருண்டா அந்தக் காயிதத்தப் புடிச்சுக்கிட்டு நிப்பியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. உண்மையில் அவருடைய தைரியத்தைக் காப்பாற்ற நான் பிடிவாதம் பிடிக்கவில்லை, மாமாவுக்குப் பயந்துதான் பிடித்தேன்.

பஸ் டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எஞ்சினை நிறுத்தினார். கண்டக்டர் ஓடி வந்து பஸ் சக்கரத்துக்குக் கட்டை போட்டார். "ஹதிஸ்ஸியக் நே, நங்கி" என்றார் டிரைவர் எனக்கு, சிங்களத்தில். அவசரமில்லை தங்கச்சி என்று. சற்று முன் அப்படி ஹோர்ன் அடித்த மனுஷன்.

"அந்தம்மாவுக்கு என்னதான் தெரியலையாம்?" என்று கேட்டார் அந்த அக்கா.

"ரோட்டு ஓரம் தெரியலக்கா. அதான் பயம்."

அக்கா தன் சிவப்புக் குடையை அப்படியே விரித்தபடி காருக்குப் பின்னால் கொண்டுபோய், பள்ளத்துப் பக்க ஓரத்தில் வைத்தார். காற்று தூக்காமல் காம்பின்மேல் ஒரு கல். பிறகு பஸ் பக்கம் திரும்பி, "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, ஒங்க கொடையெல்லாம் வீட்டுக்குப் போய்த்தான் விரிப்பீங்களா?" என்றார். ஒரு பெரியவரின் கறுப்புக் குடை வந்தது. யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகளின் பூப்போட்ட குடைகள் வந்தன. வளைவு நெடுக, பனிமூட்டத்துக்குள் கலர் கலராக ஒரு ஓரம் தெரிந்தது. குடைக்காரர்கள் எல்லோரும் காண் பக்கம் ஒதுங்கி, தூறலில் நனைந்துகொண்டு நின்றார்கள்.

காருக்குப் போய் நெதர்லாந்து அம்மாவிடம் சாவியைத் திரும்பக் கொடுத்தேன். "பஸ் டிரைவர் ஓட்ட மாட்டாரா?" என்று கேட்டார். "மாட்டார். கண்ணாடியைப் பாருங்கள்" என்று சொல்லி, துளிகளை என் சால்வையால் துடைத்துவிட்டேன். பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் எஞ்சின் உயிர் பெற்றது.

கண்டக்டர் பின்னால் நின்று கையை அசைத்து "என்ட, என்ட" என்று, வாங்க வாங்க என்கிற மாதிரி கூப்பிட, கார் நத்தை மாதிரி ஏறியது. ஒரு குடையிலும் உரசவில்லை. அகலமான இடத்தில் நின்றதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். பஸ் எங்களைக் கடக்கும்போது அந்த அக்கா நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே, "நாளைக்கு நீயும் ஓட்டிப் பழகு பாப்பா, வாய் மட்டும் போதாது" என்றார். நெதர்லாந்து அம்மா அர்த்தம் கேட்டார். நல்லா ஓட்டினீங்களாம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மறுநாள் காலை அவர் தனியாகக் கிளம்பினார். மாலையில் போனில் ஒரு படம் வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு வாசல், சேறு படிந்த எங்கள் கார், பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நிற்கிற மகள்.

இப்போதும் கார் எடுக்க வருகிறவர்களுக்கு அதே விதிகளை அதே வேகத்தில் சொல்கிறேன். ஆனால் கடைசியில் ஒன்றைச் சேர்க்கிறேன்: மலையில் மாட்டிக்கொண்டால் பதறி எதையும் செய்யாதீர்கள், வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்று, என்ன தெரியவில்லை என்று சொல்லுங்கள். நம் ரோட்டில் ஹோர்ன் அடித்துத் தொல்லை கொடுக்கிறவர்களேதான் இறங்கி வந்து வழி காட்டுகிறவர்களும் என்பதை, எந்தப் பரீட்சைக்குப் படித்தும் நான் தெரிந்துகொண்டிருக்க மாட்டேன்.