ஒற்றை வாசல்

தீபாவளி முடிந்தால் எங்கள் எம். புதுப்பட்டிக்கு ஓய்வு. பட்டாசுக் கம்பெனிகள் மறுபடி பூஜை போட்டுத் திறக்கும்வரை ஊரே கைகாலை நீட்டிக் கிடக்கும். எனக்கு ஒன்பது வயதான வருடம், ஆந்திராவுக்கு லோடு ஓட்டிக்கொண்டிருந்த மாமா, அங்கே பூமிக்கு அடியில் ஒரு குகை இருக்கிறது, நம் ஊரையே உள்ளே வைக்கலாம் என்று அளந்துவிட்டார். நான் அழுது அடம்பிடித்து எல்லோரையும் கிளப்பிவிட்டேன்.

குகைக்கு இறங்கும் படியருகே அம்மா நின்றுவிட்டாள்.

"ஏலே, எத்தன வாசல்னு கேளு" என்றாள் தன் தம்பியிடம்.

மாமா காவலரிடம் தெலுங்கில் விசாரித்தார். "ஒண்ணுதான் யக்கா. போறதும் வாரதும் இதே வழிதான்."

"அப்ப நான் வரல. பிள்ளையும் வராது."

அம்மா வெடிக்கு மருந்து செலுத்தும் அறையில் வேலை செய்பவள். நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாத அந்தச் சின்ன அறைக்கு, தீப்பொறி கிளம்பினால் ஓட நாலு பக்கமும் வாசல். அந்தப் பழக்கத்தில் கல்யாண மண்டபத்தில்கூடக் கதவோரமாகப் பார்த்துத்தான் பந்தியில் உட்காருவாள்.

"உள்ள மருந்தா வச்சிருக்கான்? நம்ம ஆலங்குளத்துல தோண்டுற அதே சுண்ணாம்புக் கல்லு யக்கா. இதுவா வெடிக்கப் போகுது?" என்று மாமா கேலி செய்தார். அப்பா மெல்ல நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். அவருக்கு அனுபவம் அதிகம்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவின் கையை உதறிவிட்டுப் படிகளில் இறங்கி ஓடினேன்.

உள்ளே போனதும் கோபம் போன இடம் தெரியவில்லை. மஞ்சள் விளக்கொளியில் கல் ஆலம் விழுதாகத் தொங்கியது. தண்ணீர் அரித்த சுவர்கள் மடிப்பு மடிப்பாக எங்கோ உயரத்துக்குப் போயின. இருக்கன்குடித் திருவிழாக் கூட்டத்தை நிறுத்தினாலும் இடம் மிஞ்சும்போல இருந்தது. மாமா அளந்தது குறைவுதான். நான் அண்ணாந்தபடியே நடந்துகொண்டிருந்தேன்.

அப்போது கரண்ட் போனது. அப்படி ஓர் இருட்டை நான் கண்டதில்லை; என் கையே எனக்கு இல்லாமல் போனது. என் பெயர் மட்டும் எல்லாச் சுவரிலிருந்தும் திரும்பத் திரும்பக் கேட்டது. பிறகு தடதடவென்று காலடிச் சத்தம். விளக்கு வந்தபோது அம்மா என்மேல் கவிழ்ந்திருந்தாள். அவள் முழங்காலில் ரத்தம். அப்பாவும் மாமாவும் செல்போன் வெளிச்சத்தோடு பின்னால் மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தார்கள்.

அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தாடி, எம்புட்டு பெருசு!" என்றாள் மெதுவாக.

என் தோளைப் பிடித்திருந்த கை இறுகிக்கொண்டே போனது. அதுவும் குகையைப் பார்த்த பிரமிப்புதான் என்று நினைத்தேன். நான் ஓடியதால்தானே அம்மா இதையெல்லாம் பார்த்தாள் என்று ஊர் வரும்வரை பீற்றிக்கொண்டேன்.

பல வருடம் கழித்து, கல்லூரி விடுமுறையில் அம்மாவின் கம்பெனிக்குப் பட்டாசுப் பெட்டி ஒட்டப் போனேன். முதல் நாள் போர்மேன் எல்லோரையும் வரிசையாக நிறுத்திச் சொன்னார்: "பொறி தெரிஞ்சா போட்டது போட்டபடி வெளிய ஓடணும். உள்ள பெத்த பிள்ளையே கெடந்தாலும் திரும்பி உள்ள ஓடக் கூடாது, கேட்டீகளா?"

குகை இருட்டில் கேட்ட அந்தக் காலடிச் சத்தம் நினைவுக்கு வந்து, அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். வருடா வருடம் இதைக் கேட்டுப் பழகிய அம்மா, என் பக்கத்தில் நின்று சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.