வில்லியின் கடைசிக் காட்சி

இனி வாழ வேண்டாம் என்று ஒருவர் அமைதியாகச் சொன்னால், அதை அவருடைய உரிமை என்று மதிப்பதா? இல்லை, அவரைத் தனியே விட்டுவிட்டோமே என்று வெட்கப்படுவதா?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, வட லண்டன் மருத்துவமனை ஒன்றின் டயாலிசிஸ் பிரிவில் இந்தக் கேள்வி என் முன் வந்து நின்றது.

பவளம் அக்கா கிங்ஸ்பரியில் என் பக்கத்து வீட்டுக்காரர்; யாழ்ப்பாணத்துக்காரர். சிறுநீரகங்கள் செயலிழந்ததால், வாரத்தில் மூன்று நாள் மெஷினோடு பிணைந்திருக்க வேண்டும். சனிக்கிழமைகளில் அவரைக் காரில் அழைத்துப் போவது என் பொறுப்பு.

அடுத்த நாற்காலி மேடம் ஸலீமாவுடையது. எகிப்திய நடிகை. கெய்ரோ நாடக மேடையில் தொடங்கி, சினிமாவில் கொடுமைக்கார மாமியாராகவும், அநாதை இல்லத்தின் இரக்கமற்ற தலைவியாகவும், குடிகெடுக்கும் உறவுக்காரியாகவும் வாழ்நாள் முழுவதும் நடித்தவர். நல்லவள் வேடம் ஒன்றுகூட வந்ததில்லை. சந்தையில் ஒரு பெண் தன் முகத்தில் துப்பினாளே, அதுதான் தனக்குக் கிடைத்த ஒரே விருது என்பார். மகனோடு வாழ லண்டன் வந்தார். மகன் வேலை தேடிக் கனடா போய்விட்டார்.

அக்காவுக்கு அரபி தெரியாது; ஆங்கிலமும் சரியாக வராது. அதனால் என்ன? ஊசி குத்தாத கையில் போனைப் பிடித்துக்கொண்டு, மேடத்தின் பழைய படங்களை இருவரும் சேர்ந்தே பார்ப்பார்கள்.

"பிள்ளை, இஞ்ச வந்து பார்! மனுசி சூப்புக்குள்ள நஞ்சைக் கலக்குது!"

முடிவில் வில்லி சாக வேண்டுமே... மாடிப்படியில் உருண்டு, தீயில் கருகி, தான் கலந்த நஞ்சைத் தானே குடித்து! "உனக்கு நல்லா வேணுமடி!" என்று அக்கா சிரிப்பார். மேடம் தலை தாழ்த்தி அந்தப் பாராட்டை ஏற்றுக்கொள்வார்.

அந்தச் சனிக்கிழமை மேடம் படம் பார்க்கவில்லை. சிகிச்சையை நிறுத்தப்போவதாக டாக்டரிடம் சொல்லிவிட்டாராம். இதயம் பலவீனம்; மாற்றுச் சிறுநீரகத்துக்கு வழியில்லை. நிறுத்தினால் அதிக நாள் தாங்காது.

நான் விளக்கியதும் அக்கா என் பக்கம் திரும்பினார். "என்ன விசர்க் கதை இது? தனிய இருக்க ஏலாதெண்டால் என்ரை வீட்டை வரட்டும். நான் சமைச்சுக் குடுக்கிறன். சொல்லு பிள்ளை... சொல்லன்!"

ஆங்கிலத்தில் சொன்னேன். என் கேள்வியையும் சேர்த்துக்கொண்டேன்: "தனிமைதான் காரணமா, மேடம்?"

"தனிமையும்தான். இல்லை என்று சொன்னால் அது நடிப்பு" என்றார். "மகன் வருகிறான். டாக்டர்களும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டார்கள். உடம்பு களைத்துவிட்டது, மகளே. படத்தில் என்னைக் கொன்றதெல்லாம் தண்டனைக்காக. ஜனங்கள் கைதட்டினார்கள். ஒரு தடவையாவது தண்டனையில்லாமல் சாக வேண்டும்."

அதைத் தமிழில் சொன்னபோது அக்காவின் முகம் வாடியது. "அப்ப நான் சிரிச்சதெல்லாம்..."

அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மேடம் கை நீட்டி அவர் விரல்களைத் தொட்டார். "நீ சிரித்ததால்தான் நான் நன்றாகச் செத்தேன்."

அதையும் தமிழில் சொன்னேன். அக்கா அழுதார். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

உரிமையா, கைவிடலா? ஏதேனும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தன. அவர் முடிவை மதிக்கிறேன். ஆனால், நாள்தோறும் கதவைத் தட்ட ஒருவர் இருந்திருந்தால் இன்னும் சில வாரங்கள் பொறுத்திருப்பாரோ? அந்தக் கணக்கு எனக்குத் தீரவில்லை.

மகன் வந்து சேர்ந்த சில நாட்களில், உறக்கத்திலேயே மேடம் இறந்துபோனார்.

அக்கா இன்னும் சிகிச்சைக்குப் போகிறார். மேடத்தின் படங்களை இன்னும் பார்க்கிறார். கடைசிக் காட்சி வருமுன் நிறுத்திவிடுகிறார்.