ரயில்பூச்சிக்கு ஒரு ரெக்சின் சட்டை

உட்காருவதற்கு முன் பீர் முஹம்மது இருக்கையைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திப் பார்த்துவிடுவார். பேருந்து, கல்யாண மண்டபம், பல் டாக்டரின் நாற்காலி, எதற்கும் விலக்கு கிடையாது. பெண் பார்க்கப் போன வீட்டிலும் அழுத்தினார் என்று அவருடைய மனைவி ஜஹீதா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். மாப்பிள்ளைக்கு சோஃபா பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று பயந்துபோன மாமியார், உள்ளே ஓடி ஒரு தலையணையைக் கொண்டுவந்து போட்டாராம். அழுத்தி முடித்ததும் தீர்ப்பு வரும். "ஸ்பான்ஜ் செத்துப்போச்சு" என்பார். இல்லாவிட்டால், "உள்ள நல்லாதான் கீது, தெச்சவன் தூங்கிக்கினே தெச்சிருக்கான்" என்பார்.

சைதாப்பேட்டை பஜார் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவருடைய குஷன் கடை. ஆட்டோ சீட்டுகள் கடைக்குள் இருக்கும். அவர் வெளியே இருப்பார். இருவருக்கும் சேர்த்து அங்கே இடமில்லை. ஆள் நல்ல உயரம், மிஷினில் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் மேசைக்கு மேலே எட்டிப் பார்க்கும். பேசும்போது பல்லிடுக்கில் எப்போதும் ஒரு நூல் இருக்கும். அதனால் அவர் சொல்வதில் பாதி வாடிக்கையாளர்களுக்குப் புரியாது. புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டுப் போவார்கள், சீட்டு நன்றாக அமைந்துவிடுவதால் யாரும் திரும்பிவந்து சண்டை போட்டதில்லை.

தொழிலில் அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். சுருக்கம் விழக்கூடாது. ரெக்சினை ஸ்பான்ஜின் அளவைவிட ஒரு விரல் குறைத்து வெட்டுவார். பிறகு ஸ்பான்ஜை முழங்காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, உறையை இழுத்து மாட்டுவார். அந்த நேரத்தில் பார்த்தால் யாரையோ கீழே தள்ளிக் கட்டிப் போடுகிறார் என்றுதான் தோன்றும். மாட்டியதும் உள்ளங்கையால் ஒரு முறை தடவுவார். "ஈ உக்காந்தா வழுக்கிக்கினு போவணும்" என்பது அவருடைய அளவுகோல். எதிரே டீக்கடை வைத்திருக்கும் தேவானையைக் கூப்பிட்டுக் காட்டாமல் எந்தச் சீட்டையும் அவர் வெளியே அனுப்புவதில்லை. தேவானைக்குக் குஷனைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனாலும் "சூப்பரா கீதுண்ணா" என்று ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் அவருக்கு வேலை முடிந்த மாதிரி இருக்காது.

இப்படிப்பட்ட மனிதரிடம் அவருடைய மகள் ரூபீனா ஒரு பூச்சி கேட்டாள்.

ரூபீனா இரண்டாம் வகுப்பு. வீட்டில் அவள் வாய் ஓயாது. ஃபேன் ஓடும் சத்தத்தோடு போட்டி போட்டுக்கொண்டு பேசுவாள், தூக்கத்திலும் பேசுவாள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் அத்தோடு சரி. அவள் குரல் எப்படி இருக்கும் என்று வகுப்பாசிரியை கோமளம் மிஸ்ஸுக்கு இதுவரை தெரியாது. போன வருஷம் மாறுவேடப் போட்டியில் தக்காளியாக வேஷம் போட்டு மைக் முன்னால் நிறுத்தினார்கள். சொல்ல வேண்டியது ஒரு வரி. அது வரவில்லை. முன்வரிசைப் பிள்ளைகள் முதலில் எடுத்துக் கொடுத்தன, அப்புறம் சிரித்தன. வீடு திரும்பும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்து, அப்பாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சட்டை நனைந்ததை பீர் முஹம்மது வழியெல்லாம் உணர்ந்தார். அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை, மறக்கவும் இல்லை.

இந்த வருஷம் ஜஹீதா தி.நகரில் வாடகைக்குக் கிடைக்கும் பட்டாம்பூச்சி உடையைப் பார்த்து வைத்திருந்தார். ரூபீனா மாட்டேன் என்றுவிட்டாள். அவளுக்கு மரவட்டைதான் வேண்டும். மழைக்காலத்தில் சுவரோரமாக ஊர்ந்து போகுமே, பிள்ளைகள் ரயில்பூச்சி என்பார்களே, அது. ஏன் என்று கேட்டதற்கு அவளிடம் தயாராகக் காரணம் இருந்தது.

"அது பேசாது அத்தா. தொட்டா சுருண்டுக்கும். அவ்ளோதான்."

பீர் முஹம்மது பல்லிடுக்கிலிருந்த நூலை எடுத்துவிட்டு, செய்து தருகிறேன் என்றார். கோமளம் மிஸ்ஸிடமும் போய்ப் பேசினார். நல்ல மனுஷி, உடனே ஒப்புக்கொண்டார். மரவட்டையைப் பற்றி மிஸ் மைக்கில் சொல்வார். சொல்லிவிட்டு விரலால் தொடுவார். ரூபீனா சுருண்டுகொள்ள வேண்டும். அதுதான் அவளுடைய பாகம்.

ஜஹீதாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "ஊர்ப் புள்ளைங்கல்லாம் மேடையேறிப் பேசக் கத்துக்கினு கீது. நீங்க நம்ம பொண்ணு ஒளிஞ்சிக்க எடம் தெச்சுக்கினு கீறீங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால் அந்தப் பேச்சு பீர் முஹம்மதை அதிகமாகத் தைத்தது. ஒருவேளை மனைவி சொல்வதுதான் சரியோ என்ற சந்தேகத்தோடுதான் ஸ்பான்ஜில் கோடு கிழித்தார்.

கை மட்டும் பழகிய வழியிலேயே போயிற்று. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துண்டாகக் கெட்டி ஸ்பான்ஜை ஆக்ஸா பிளேடால் அறுத்தார். ரெக்சினை வழக்கம்போல ஒரு விரல் குறைத்து வெட்டி, முழங்காலால் அமுக்கி, இழுத்துத் தைத்தார். வளையம் வளையமாகக் கோடு தெரிவதற்காக மேலே பைப்பிங் என்னும் உருண்டைக் கரை வைத்துத் தைத்தார். ஆட்டோ கூரையில் மிஞ்சிய மஞ்சள் தார்ப்பாயில் இரண்டு பக்கமும் கால்கள் வைத்தார். கடவுளேகூட ஒரு மரவட்டையை அவ்வளவு வழவழப்பாகப் படைத்திருக்க மாட்டார். தேவானை டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு வந்து பார்த்து, மந்திரி வண்டி சீட்டு மாதிரி இருக்கிறது என்றார்.

ரூபீனா போட்டுக்கொண்டு நின்றாள். நிற்க மட்டும்தான் முடிந்தது. குனியப் பார்த்தாள், ரெக்சின் விட்டுக் கொடுக்கவில்லை. உட்காரப் பார்த்தாள், அப்படியே மல்லாந்து விழுந்தாள். அடிபடவில்லை, அவ்வளவு ஸ்பான்ஜ். ஆனால் எழுந்திருக்கவும் முடியவில்லை. தேவானைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ரூபீனா சிரிக்கவில்லை. சந்துக்கு மேலே தெரிந்த வானத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"சுருள வரல அத்தா. அப்ப நான் பேசணுமா?"

பீர் முஹம்மது பல்லிடுக்கு நூலைத் துப்பினார். அவளைத் தூக்கி நிறுத்தி, உடையைக் கழற்றி, அங்கேயே தரையில் உட்கார்ந்து தையலைப் பிரிக்கத் தொடங்கினார். இத்தனை வருஷத் தொழிலில் தான் நன்றாகச் செய்த வேலையைத் தானே பிரித்தது அதுதான் முதல் தடவை.

கடைக்குப் பின்னால் குழாயடிச் சுவரில் மரவட்டைகளுக்குப் பஞ்சமில்லை. அன்று சாயங்காலம் ஒன்றைப் பிடித்து ரெக்சின் துண்டின்மேல் விட்டுவிட்டு, அப்பாவும் மகளும் எதிரெதிரே குந்திக்கொண்டார்கள். தொட்டால் சுருண்டது. விட்டால் நீண்டது. ஒரு வளையத்தின் ஓரம் அடுத்த வளையத்துக்கு அடியில் நழுவிப் போவது நன்றாகத் தெரிந்தது. எதுவும் எதோடும் இறுகி ஒட்டவில்லை. சுருளும்போது வளையங்களுக்கு நடுவே மெல்லிய சுருக்கங்கள் விழுந்தன. அதைப் பார்த்து பீர் முஹம்மது முகம் சுளித்தார். பூச்சியை அவரிடம் தைக்கக் கொடுத்திருந்தால் நிச்சயம் திருப்பி அனுப்பியிருப்பார்.

மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை மெத்தென்ற ஸ்பான்ஜ், பட்டை பட்டையாக. ஒவ்வொன்றுக்கும் தனி உறை, தாராளமாக வெட்டியது. பழைய லுங்கித் துணியை உள்ளே விரித்து, அதில் ஒவ்வொரு பட்டையையும் ஓர் ஓரம் மட்டும் தைத்தார். மற்ற ஓரத்தைச் சும்மா விட வேண்டும். அதுதான் அவருக்கு முடியவில்லை. மிஷின் ஓடுகிற வேகத்தில் கை தானாக அந்த ஓரத்தையும் மடித்துத் தைத்துவிடும், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு பிரிப்பார். தைத்து முடித்ததும் தேவானையைக் கூப்பிடவில்லை. ஒரு சாக்கால் மூடி வீட்டுக்கு எடுத்துப் போனார். "பாக்கவே கண்ணு கூசுது" என்று ஜஹீதாவிடம் சொல்லிக்கொண்டேதான் சாக்கைப் பிரித்தார்.

ரூபீனா உடைக்குள் புகுந்து தரையில் படுத்தாள். ஜஹீதா குனிந்து முதுகில் விரலை வைத்தார். அவ்வளவுதான், வளையங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நழுவின, முழங்கால் உள்ளே போயிற்று, தலை வாலுக்குள் போயிற்று, இரண்டும் சேரும் இடத்தில் வைத்திருந்த வெல்க்ரோ ஒட்டிக்கொண்டது. கூடத்தில் ஓர் உருண்டை கிடந்தது. உள்ளேயிருந்து முதலில் சிரிப்பு வந்தது, பின்னால் பேச்சு வந்தது. இங்கே இருட்டாக இருக்கிறது, ரெக்சின் வாசனை அடிக்கிறது, காற்றுக்காகப் பக்கத்தில் அத்தா விட்ட ஓட்டை வழியாக அம்மாவின் கால் தெரிகிறது என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். பீர் முஹம்மது சுவரில் சாய்ந்து நின்றபடி அந்த உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷத்தில் அவருக்குச் சுருக்கம் எதுவும் கண்ணில் படவில்லை.

ஜஹீதா ஓட்டைகளில் கையை விட்டுக் காற்று போகிறதா என்று பார்த்தார். பிறகு, வெல்க்ரோவைப் பிரிக்க வெளிப்பக்கம் ஒரு பட்டை வைக்கச் சொன்னார். மேடையில் பிள்ளை உள்ளேயே இருந்துவிட்டால் மிஸ் இழுத்துத் திறக்கலாம் இல்லையா. நியாயமான பேச்சு. பீர் முஹம்மது தலையாட்டினார்.

சனிக்கிழமை பள்ளி அரங்கம் நிரம்பியிருந்தது. இரண்டு பாரதமாதா, ஒரு டிராஃபிக் போலீஸ், ஒரு வெண்டைக்காய் எல்லாம் வந்து மழலையில் ஒப்பித்துவிட்டுப் போனபின், மஞ்சள் கால்கள் ஆட மரவட்டை தவழ்ந்து வந்தது. அரங்கம் ஆவென்றது. கோமளம் மிஸ் மைக்கில் இரண்டு வரி சொல்லிவிட்டு, விரலால் தொட்டார். மரவட்டை சுருண்டது. எங்கேயும் சிக்கவில்லை, தடுமாறவில்லை. முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டின.

கைதட்டல் ஓய்ந்தது. உருண்டை அப்படியே கிடந்தது.

மிஸ் மெதுவாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அசைவில்லை. காலையில் ஜஹீதா சொல்லியனுப்பியிருந்தபடி பட்டையைத் தேடிக் கையால் துழாவினார், சுற்றிவந்து மறுபக்கமும் பார்த்தார். கிடைக்கவில்லை. நிமிர்ந்து, கூட்டத்தில் பீர் முஹம்மதையும் ஜஹீதாவையும் தேடினார்.

"பட்டை எங்கங்க?" என்றார் ஜஹீதா.

"உள்ள வெச்சிட்டேன். அவ கைக்கு எட்டுற மாதிரி."

"அவ இழுக்கலன்னா?"

ஜஹீதா எழப் பார்த்தார். பீர் முஹம்மது அவருடைய முழங்கையை மெல்லப் பிடித்து உட்கார வைத்தார். அரங்கத்தில் அங்கங்கே கிசுகிசுப்பு கிளம்பியது. உதவிக்கு யாரையாவது மேடைக்குக் கூப்பிடட்டுமா என்று மிஸ் சைகையால் கேட்டார். அத்தனை பேர் திரும்பிப் பார்க்க, பீர் முஹம்மது இருந்த இடத்திலிருந்தே வலக்கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, விட்டுவிடுங்கள் என்பதுபோல் உள்ளங்கையைக் காட்டினார். சற்றுப் பொறுத்து, மிஸ் கையிலிருந்த மைக்கில் சர்ரென்று வெல்க்ரோ பிரியும் சத்தம் கொஞ்சம் கேட்டது, நின்றது. மீதியைத் தானே பிரித்துவிட மிஸ் அவசரமாகக் குனிந்தார். அதையும் அவளே பிரிக்கட்டும் என்று பீர் முஹம்மது உயர்த்திய கையை இறக்கவில்லை.