வாழைக்கன்று கட்டிய ரோலர் கோஸ்டர்

ரோலர் கோஸ்டருக்கு எஞ்சின் கிடையாது. இதைத் தண்டபாணி சார் என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று எனக்கே தெரியாது. ஹைதராபாத்தை விட்டுத் தள்ளியிருக்கும் எங்கள் கேளிக்கைப் பூங்காவில் ராட்டினங்கள் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பான எஞ்சினியர். நான் புகார் மேஜையில் உட்காரும் சபீனா. ஸ்டாஃப் பஸ்ஸில் அவருக்கு அடுத்த சீட் எனக்கு. தப்பிக்க வழியே இல்லை.

"சங்கிலி உச்சி வரைக்கும் இழுத்துட்டுப் போயி விடுதுங்களா, அதோட சரிங்க. அப்புறம் வண்டி அது பாட்டுக்கு உருளுது. அந்த உயரந்தானுங்க அதுக்குப் பெட்ரோல்" என்று ஆரம்பிப்பார். உடுமலைப்பேட்டைக்காரர், திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். இறங்கும்போது உயரம் வேகமாக மாறுகிறது, ஏறும்போது வேகம் மறுபடி உயரமாக மாறுகிறது, நடுவில் சக்கரத்தின் உராய்வும் எதிர்க்காற்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகின்றன, அதனால்தான் ஒவ்வொரு மேடும் முந்தைய மேட்டைவிடக் குட்டை. இத்தனையும் வழியில் மேட்சல் ஊரைத் தாண்டுவதற்குள் முடிந்துவிடும். பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கி நாங்கள் சீட்டை விட்டு எழும்பிவிட்டால் போச்சு. "பாத்தீங்களா, பஸ்ஸு கீழ எறங்கிருச்சு. நம்ம ஒடம்பு இன்னும் மேல போயிட்டிருக்குதுங்க" என்று அதற்கு ஒரு தனிப்பாடம். ரைடில் வயிறு காலியாகிற மாதிரி இருப்பதும் இதனால்தானாம். எனக்குத் தலைவலிதான் மிச்சம்.

என் மேஜைக்கு வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஸ்பீடு பத்தலை என்பார்கள். உடனே மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, "தண்டபாணி காரு, ஸ்பீட் கொஞ்செம் பெஞ்சண்டி" என்பார். வேகத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டுமாம், ஏதோ மின்விசிறி மாதிரி. கூட்டவேண்டுமென்றால் முதல் மேட்டை இடித்துவிட்டு உயரமாகக் கட்டவேண்டும். முடியாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வரலாம் இல்லையா? மாட்டார். நியூட்டனில் தொடங்கி விளக்குவார். மேனேஜர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாரும் கேட்பதில்லை என்பது இந்த மனிதருக்கு உறைத்ததே இல்லை.

உறைத்த இடம் ஒன்றே ஒன்றுதான். அவருடைய மனைவி ருக்மிணி.

ருக்மிணி அக்கா இங்கே ஹைதராபாத் லோத்குண்டாவிலேயே பிறந்து வளர்ந்தவர். அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை மெக்கானிக்கல் எஞ்சினியர் என்று சொல்லிக் கட்டிக்கொடுத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, ராட்டினம் பார்த்துக்கொள்கிற எஞ்சினியர் என்று. அன்றிலிருந்து அக்கம்பக்கத்தில் கேட்டால் "மெக்கானிக்கல் லைன்ல இருக்காரு" என்பதோடு அக்கா நிறுத்திக்கொள்வார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ஸ்டாஃப் குடும்பங்களைப் பூங்காவுக்குக் கூப்பிடுவோம். அக்கா வருவார், புளியோதரை சாப்பிடுவார், ரைடைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுவார்.

"அவ ஒருக்கா ஒக்காந்து பாத்தாப் போதுமுங்க" என்று சார் ஒரு நாள் பஸ்ஸில் சொன்னார். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. அதைச் சொல்லும்போது மட்டும் விளக்கம் ஏதும் வரவில்லை.

போன ஆயுத பூஜை அன்று அது நடந்தது. ரோலர் கோஸ்டர் வண்டியின் முகப்பில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, கனமான சாமந்தி மாலைகள் போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்தாகிவிட்டது. இலை காற்றைப் பிடித்து வண்டியை இழுக்கும் என்று, எப்போதும் சூடம் அணைந்ததும் சார் கத்தியோடு போய் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார். இந்த முறை அவர் கத்தியை எடுத்தபோது பட்டுப்புடவையோடு அக்கா முன்னால் வந்து நின்றார்.

"ஏங்க, பூஜை பண்ண அன்னிக்கே வாழையைப் பிடுங்குவாங்களா? நக்கோ, வேண்டாம். இன்னிக்கு நான் உக்காரலாம்னு வந்தேன். இது இருந்தா உக்கார்றேன். பிடுங்கினீங்கன்னா வீட்டுக்குப் போறேன்."

மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். வாழைக்கன்றோடு வண்டி ஓடினால் போட்டோ பிரமாதமாக வரும் என்று கேமராக்காரரை வேறு கூப்பிட்டுவிட்டார்.

சார் அந்த இலைகளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். ஊருக்கெல்லாம் மணிக்கணக்கில் பாடம் நடத்துகிறவர், பெண்டாட்டியிடம் ஒரு வாக்கியம் பேசவில்லை. கத்தியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதோடு விட்டாரா? ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்த மற்ற குடும்பங்களை எல்லாம் இறக்கினார். "வேற யாரும் வேண்டாமுங்க, நாங்க ரெண்டு பேரு மட்டும் போறோம்." ஜாக்கிரதையாம்! ஆள் நிறைந்த வண்டி கனமாக இருக்கும், காற்றைத் தள்ளிக்கொண்டு போய்விடும். காலி வண்டியைக் காற்று ஜெயித்துவிடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். போதாததற்கு விடிகாலை மழை பெய்து சக்கரமெல்லாம் குளிர்ந்து கிடந்தது. குளிர்ந்த சக்கரம் சரியாக உருளாது என்பதும் அவர் பாடம்தான்.

"சார், வண்டி காலியாப் போகுதே!" என்று கத்தினேன்.

"அதெல்லாம் கணக்குப் போட்டுட்டேனுங்க" என்று சிரித்தார். என்ன கணக்குப் போட்டாரோ, அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைத் தவிர அவர் மண்டையில் அப்போது எதுவும் இருந்திருக்காது.

சங்கிலி இழுத்தது. உச்சியிலிருந்து விழுந்தபோது அக்கா போட்ட சத்தம் டிக்கெட் கவுண்டர் வரைக்கும் கேட்டது. வாழையிலைகள் விரிந்து காற்றை அப்படியே ஏந்தின. இரண்டாவது மேட்டை வண்டி முக்கி முனகித் தாண்டியது. கடைசி மேட்டில் முக்கால்வாசி ஏறி, நின்று, பின்னால் உருளத் தொடங்கியது. பள்ளத்தில் தொட்டில் மாதிரி முன்னும் பின்னும் ஆடி, ஆட்டம் குறைந்து, அடியில் அசையாமல் நின்றுவிட்டது. வெளியே வரிசையில் நின்ற கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அத்தனை பேர் கையிலும் போன்.

ஏணி வைத்து இரண்டு பேரையும் இறக்கினார்கள். அக்காவுக்குத் தலையெல்லாம் கலைந்து, ஒரு கால் செருப்பைக் காணோம். அதற்குள் மேனேஜர் வந்து, போட்டோவுக்கு ஆசைப்பட்டதே தான்தான் என்பதை மறந்துவிட்டு, நீயெல்லாம் ஒரு எஞ்சினியரா என்று எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார். சார் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அக்கா இனி இந்த வாசலை மிதிக்கமாட்டார், இத்தனை வருஷ ஆசையும் அந்தப் பள்ளத்தோடு போயிற்று என்றே நினைத்தேன்.

அக்கா மேனேஜரிடம் தெலுங்கில் பேசினார். "அவர் கழட்டத்தான் போனார். நான்தான் விடலை. திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க." மேனேஜர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பிறகு சார் பக்கம் திரும்பினார். "ஏங்க, ஏன் நின்னுடுச்சு?"

"என்ற தப்புதான் ருக்கு."

"ஹவ், ஆமா, தப்பு உங்களுதுன்னு தெரியுது. அதையா கேட்டேன்? மேலேர்ந்து அவ்ளோ வேகமா வந்துச்சே, அந்த வேகம் எங்க போச்சு?"

கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கேள்விக்காகக் காத்திருந்த மனுஷன். கண் இரண்டும் நிறைந்துவிட்டது. வாய் மட்டும் திறக்கவில்லை. பின்னால் வண்டி பள்ளத்தில் கிடக்கிறது, கூட்டம் கூச்சல் போடுகிறது, அக்கா ஒற்றைச் செருப்போடு பதிலுக்காக நிற்கிறார், இவர் அக்காவையே பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

"சொல்லித் தொலைங்க சார்!" என்று நான்தான் கத்தினேன்.