மத்தியானம் பூட்டிய கேட்

தொண்ணூறுகளில், புலாவ் செபாங் என்ற சிற்றூரில் ஒரு வீட்டுக்கு அழைப்புமணி பொருத்தப் போனேன். வீட்டுக்காரர் கோலாலம்பூரில் வேலையிலிருந்து ஓய்வுபெற்று அங்கே குடிவந்தவர். வீட்டுக்குள்ளும் இஸ்திரி போட்ட சட்டை, கையில் சாவிக்கொத்து. என்னை உள்ளே விட்டதும் கேட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்தார்.

“அக்கம்பக்கத்துக்காரங்க இனிமே மணி அடிச்சிட்டு வரட்டும்மா. மத்தியானத்துல ஒரு நாள்கூடத் தூங்க முடியல.”

நான் மணியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு அம்மா வடைத் தட்டோடு சமையலறை வழியாக வந்தார்.

“பட்டப்பகல்ல கேட் பூட்டியிருக்கவும் பயந்துட்டேன்லா. உடம்புக்கு முடியலையா அண்ணே?”

“தூங்கப் போறேன்.”

“தூங்குங்க. நான் அக்காகிட்ட பேசிட்டுப் போறேன்.”

சமையலறையில் அவர் மனைவி சிரிப்பது கேட்டது.

“பின்கதவையும் பூட்டலாமே அங்கிள்?” என்றேன்.

“பூட்டினேன். என் வீட்டுக்காரியே திறந்து விடுறா. கோலாலம்பூர்ல பேச ஆளில்லைன்னு அழுதா, அவளுக்காகத்தான் வந்தோம். இன்னும் ஒரு மாசம் பார்ப்பேன். அப்புறம் வீட்டை வித்துடுவேன்.”

உள்ளே இன்னொரு பெண்ணின் குரலும் சேர்ந்தது. அவர் பல்லைக் கடித்தார். பிறகு, வந்தவர் உட்காரக் கூடத்திலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். அதைக் கீழே வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகத்தான் கேட்டது. வீட்டை விற்றாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.